சிதறாத குண்டு பிறந்த கதை

ஈயம் கலக்காத வேட்டைத் தோட்டா என்றதும், அது பறவை ஆர்வலர்களின் கோரிக்கையில் பிறந்த பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க வேட்டைக்காரர்களிலேயே அப்படி நம்புகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையினாலேயே அதைத் தொட மறுப்பவர்களும் உண்டு. நடந்தது வேறு. 1985-இல் அலாஸ்காவில் பழுப்புக் கரடி வேட்டைக்குப் போயிருந்தார் ராண்டி புரூக்ஸ் என்ற அமெரிக்க வேட்டைக்காரர். கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு கரடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரிய மிருகத்தின் எலும்பில் பட்டதும் குண்டு உடைந்துபோகிறது. உடைவது உள்ளே இருக்கும் ஈயம். அந்த ஈயத்தையே எடுத்துவிட்டால் என்ன?

அவ்வளவுதான் தொடக்கம். கழுகும் காண்டோர் என்ற பெரும் பறவையும் அவருடைய கணக்கில் இல்லை. குண்டு ஆழமாகப் போக வேண்டும், மிருகம் விரைவில் விழ வேண்டும் என்பது மட்டுமே இருந்தது. இந்த வரிசையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்க் வேட்டைக்குப் போகும் ஒருவர் ஈயம் இல்லாத செம்புக் குண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, பறவைகளுக்காக எதையோ விட்டுக்கொடுப்பதாக அவரை நினைக்கச் சொல்கிறார்கள். விட்டுக்கொடுப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமில்லை என்பதைத்தான் இந்தக் கதை காட்டுகிறது.

எல்க் என்பது நம் காட்டுக் கடமானின் உறவு, அதைவிடப் பெரியது. ராக்கி மலைத்தொடரின் ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண் 225 கிலோ அளவில் இருக்கும். தோள் எலும்பு கனமானது, நெஞ்சுக்கூடு அகலமானது. இரண்டு நுரையீரலையும் குண்டு துளைத்துவிட்டால் சற்றுத் தூரம் ஓடி விழுந்துவிடும். ஒன்றை மட்டும் துளைத்து உள்ளே சிதறிப்போனால், அடிபட்ட மிருகம் மலை தாண்டிப் போய் எங்கோ மெதுவாகச் சாகும். தேடிப் போகிறவருக்குக் கிடைக்காமலும் போகலாம். குண்டைப் பற்றி எல்க் வேட்டைக்காரர்கள் இவ்வளவு பேசுவது அதனால்தான்.

ஈயத்தைக் குறை சொல்லுமுன் அது ஏன் அத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். 327 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். விறகுத் தீயில் இரும்புக் கரண்டியை வைத்து உருக்கி, அச்சில் ஊற்றி, வீட்டிலேயே குண்டு செய்துகொள்ளலாம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். அதனால் சிறிய உருண்டையிலும் நல்ல கனம் இருக்கும், காற்றில் வேகத்தை எளிதில் இழக்காது. மென்மையானது என்பதால் உடலில் பட்டதும் தட்டையாகி அகலமான காயத்தை உண்டாக்கும். கருப்பு வெடிமருந்துக் காலத்தில் குண்டின் வேகம் வினாடிக்கு 400 மீட்டரைச் சுற்றியே இருந்தது. அந்த வேகத்துக்கு ஈயம் கச்சிதமாகப் பொருந்தியது. உலகின் பெரிய மிருகங்கள் எல்லாவற்றையும் மனிதன் அதைக் கொண்டே வீழ்த்தினான்.

1884-இல் பிரான்சில் பால் வியே புகையில்லா வெடிமருந்தைச் செய்தார். 1886-இல் அதைச் சுடும் லெபெல் ரைபிள் பிரெஞ்சுப் படைக்கு வந்தது. குண்டின் வேகம் 600 மீட்டரைத் தாண்டியது. வெறும் ஈயத்தால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை. துப்பாக்கிக் குழலுக்குள் சுழலாக வெட்டிய வரிப்பள்ளங்களில் ஈயம் உரிந்து அப்பிக்கொண்டது. இதற்கு மாற்று அதற்கு முன்பே தயாராக இருந்தது. சுவிட்சர்லாந்தின் படை அதிகாரி எடுவார்ட் ரூபின் 1882-இல் ஈயக் குண்டுக்குச் செம்பு உறை போட்டிருந்தார். அன்று தொடங்கிய உறையும் ஈயமும் சேர்ந்த குண்டுதான் இன்றும் உலகில் பெரும்பாலான ரைபிள்களில் ஏறுகிறது.

உறை போட்ட குண்டு குழலைக் காப்பாற்றியது. ஆனால் உடலில் விரியாமல் நேராகத் துளைத்துக்கொண்டு போனது. 1895-இல் சித்ரால் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படை இதைப் பற்றிக் குறைப்பட்டது. கல்கத்தாவுக்கு அருகில் இருந்த டம்டம் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்ற அதிகாரி உறையின் முனையைத் திறந்துவிட்டு, ஈயம் வெளியே தெரியும்படி குண்டு செய்தார். இன்று கல்கத்தா விமான நிலையம் இருக்கும் அதே டம்டம். முனை திறந்த குண்டு உடலுக்குள் விரிந்து கொடூரமான காயங்களை உண்டாக்கியது. 1899-இல் ஹேகில் கூடிய நாடுகளில் பெரும்பாலானவை, போரில் விரியும் குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தன. மனிதனுக்கு எதிராகத் தடைசெய்யப்பட்ட அந்த அமைப்பை வேட்டைக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். காயத்தோடு தப்பி ஓடும் மிருகத்தைவிட உடனே விழும் மிருகத்துக்கு வேதனை குறைவு என்பது அவர்களுடைய நியாயம். அந்த நியாயத்தை நானும் ஏற்கிறேன். இன்று மென்முனைக் குண்டு என்று பெட்டி பெட்டியாக விற்பவை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈயமே இல்லாத ரைபிள் குண்டு அந்தக் காலத்திலேயே இருந்தது. 1898-இல் பிரெஞ்சுப் படை லெபெல் ரைபிளுக்குக் கொண்டுவந்த 'டி' வகைக் குண்டு முழுக்கப் பித்தளை, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செம்பு. கூர்முனையும் பின்பக்கம் குறுகிய உடலுமாகக் காற்றில் நன்றாகப் பறந்தது. போருக்கென்று செய்ததால் விரியாது. எனவே வேட்டைக்கு உதவவில்லை. ஒரே உலோகத்தால் குண்டு செய்ய முடியும் என்பது தெரிந்திருந்தது. அதை விரியச் செய்யும் வழி கிடைக்க இன்னும் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

அதற்கிடையில் வேகம் கூடிக்கொண்டே போனது. 1906-இல் வந்து இன்றுவரை எல்க் வேட்டையில் நிலைத்திருக்கும் தர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டா இப்போதைய வெடிமருந்தில் குண்டை வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் அனுப்பும். அந்த வேகத்தில் எலும்பில் மோதினால் உறை கிழிந்து ஒரு பக்கமும் ஈயம் பொடியாகி ஒரு பக்கமும் போய்விடும். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் மூஸ் என்ற பெரிய மான் இனத்தின் ஆண் ஒன்றைச் சுட்டார். சேற்றில் புரண்டு தோல் முழுக்கச் சேறு காய்ந்திருந்த மிருகம் அது. சக்திமிக்க ரைபிளில் அடுத்தடுத்துச் சுட்டும் குண்டுகள் மேலேயே வெடித்துப்போயின, உள்ளே போகவில்லை. ஓரிகன் மாநிலத்தில் லாரித் தொழில் நடத்தியவர் நோஸ்லர். ஊருக்குத் திரும்பி, நடுவில் செம்புச் சுவர் வைத்து முன்னறை, பின்னறை என்று பிரித்த குண்டு ஒன்றைச் செய்தார். முன்னறை ஈயம் விரிந்து சிதறும். சுவருக்குப் பின்னால் இருக்கும் ஈயம் உடையாமல் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். 1948-இல் நிறுவனமே தொடங்கிவிட்டார். பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டைத் தலைமுறை தலைமுறையாக எல்க் வேட்டைக்காரர்கள் நம்பினார்கள். முன்னறை ஈயம் எங்கே போகிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கான காரணமும் அப்போது இருக்கவில்லை.

புரூக்ஸ் கதைக்கு வருகிறேன். ஃபிரெட் பார்ன்ஸ் என்பவர் 1932-இல் கொலராடோவில் தம் வீட்டு நிலவறையில் குண்டு செய்யத் தொடங்கினார். தடித்த செம்பு உறை அவருடைய கைவரிசை. அந்தச் சிறிய தொழிலை 1974-இல் ராண்டி புரூக்ஸும் மனைவி கோனியும் வாங்கி யூட்டா மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே 1985-இல் கரடி தேடிக்கொண்டிருந்தவர் வெறும் வேட்டைக்காரர் அல்லர். செம்பு எப்படி வளையும், எங்கே கிழியும் என்பதைப் பத்தாண்டுகளுக்கு மேல் கையால் தொட்டு அறிந்தவர். உறையும் ஈயமும் பிரிந்துபோவதைத் தடுக்க மற்றவர்கள் ஒட்டுவது, பற்றவைப்பது என்று முயன்றுகொண்டிருந்தார்கள். பிரிந்துபோக இரண்டாவது பொருளே இல்லாமல் செய்துவிடலாம் என்று அவர் போனார்.

முழுச் செம்பை விரியச் செய்வது எளிதல்ல. ஈயத்தைப் போல அது தானாகத் தட்டையாகாது. குண்டின் முனையில் குழிவு ஒன்றை வைத்து, உட்சுவரில் கீறல் போட்டார்கள். பாய்ந்து போகும் குண்டு உடலில் நுழைந்ததும் சதையும் நீரும் அந்தக் குழிவுக்குள் அடைத்துக்கொண்டு உள்ளிருந்து நெருக்கும். கீறல்கள் வழியே முனை பிளந்து நான்கு இதழ்களாகப் பின்னுக்கு மடியும். முன்னிருந்து பார்த்தால் எக்ஸ் என்ற எழுத்து தெரியும். அதுவே பெயராகி 1989-இல் பார்ன்ஸ் எக்ஸ் கடைக்கு வந்தது. இதழ்கள் உடலோடு ஒட்டியே இருக்கும். கிளம்பிய எடையில் ஏறக்குறைய முழுவதும் கடைசிவரை சேர்ந்தே போகும். எல்க்கின் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறுவது சாதாரணமாயிற்று.

முதல் பத்தாண்டுகள் அதற்கு நல்ல பெயர் இல்லை. தூய செம்பு குழலுக்குள் தேய்ந்து அப்பியது, சுத்தம் செய்வது பெரும்பாடு. ஈயத்தைப் போல நெகிழ்ந்து கொடுக்காததால் உள்ளே அழுத்தம் கூடியது. சில ரைபிள்களில் அற்புதமாகக் குறி விழுந்தது, சிலவற்றில் குறி தப்பியது. எப்போதாவது முனை விரியாமல் போனதும் உண்டு. அந்தக் காலத்தில் ஒருமுறை வாங்கி ஏமாந்தவர்கள் இன்றும் செம்பு என்றால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல, பழைய செய்தி. 2003-இல் வந்த ட்ரிபிள்-ஷாக் வகையில் குண்டின் உடலைச் சுற்றி வளையமாகப் பள்ளங்கள் வெட்டினார்கள். குழலின் வரிகள் செம்பைக் கீறும்போது நெருக்கப்படும் உலோகம் அந்தப் பள்ளங்களில் ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைத்தது. அழுத்தம் தணிந்தது, அப்புவது குறைந்தது, குண்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்தன. பிறகு விரிவதைத் தொடங்கிவைக்கப் பிளாஸ்டிக் முனையும் சேர்ந்தது. ஈயத்திலேயே பெயரெடுத்த நோஸ்லர், ஹார்னடி, ஃபெடரல் நிறுவனங்களும் தங்கள் செம்புக் குண்டுகளைக் கொண்டுவந்தன. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இந்த வளையப் பள்ளங்கள். பெரிய கொள்கை எதுவும் இல்லை; ஓர் உலோகத்துக்கு ஒதுங்க இடம் கொடுத்ததோடு தடை நீங்கிவிட்டது.

இதே ஆண்டுகளில், குண்டுத் தொழிலோடு தொடர்பில்லாததுபோல் தோன்றிய வேறொரு துயரம் நடந்துகொண்டிருந்தது. கலிஃபோர்னியா காண்டோர் சிறகை விரித்தால் மூன்று மீட்டருக்குச் சற்றே குறையும் பெரும் பிணந்தின்னிப் பறவை. அறுபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் ஒவ்வொரு பறவையின் சாவும் கணக்கில் வரும். 1982-இல் உலகில் 22 பறவைகள் மிஞ்சின. 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்தார்கள். அப்போது மொத்தம் 27. லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ காட்சிச்சாலைகளில் குஞ்சு பொரிக்கவைத்து 1992 முதல் கலிஃபோர்னியாவிலும், 1996 முதல் அரிசோனாவின் வெர்மிலியன் பாறைச் சரிவுகளிலும் திரும்ப விட்டார்கள்.

விட்ட பறவைகள் செத்தன. பிடித்து இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஈயம். காண்டோரின் வயிற்று அமிலம் வீரியமானது. எலும்பைக் கரைக்கும் அது ஈயத் துணுக்கையும் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடும். ஈயம் ஏறியதும் குடலும் இரைப்பையும் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும். இரைப்பை நிறைய உணவு இருக்க, அது கீழே இறங்காமல் பறவை பட்டினியால் சாகும். இதைவிடக் கொடிய சாவு ஒரு பறவைக்கு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்து மருந்து செலுத்தி ஈயத்தை வெளியேற்றி மறுபடி விடுவார்கள். அடுத்த வேட்டைக்காலத்தில் அதே பறவை மறுபடி ஈயத்தோடு வரும்.

ஈயம் எங்கிருந்து வருகிறது? மலையில் ஒரு மானையோ எல்க்கையோ வீழ்த்தியவர் அதன் குடலையும் உள்ளுறுப்புகளையும் அங்கேயே வெட்டி எடுத்துவிட்டு இறைச்சியை மட்டும் சுமந்து வருவார். 300 கிலோ மிருகத்தை முழுதாகத் தூக்கி வர முடியாது. எறிந்துவிட்டு வந்த குவியல் கழுகுக்கும் காக்கைக்கும் காண்டோருக்கும் விருந்து. பெரெக்ரின் ஃபண்ட் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர் கிரெய்ஞ்சர் ஹன்ட்டும் உடன் வேலைசெய்தவர்களும் அந்தக் குவியல்களையும் சுடப்பட்ட மான்களையும் எக்ஸ்ரே எடுத்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படத்தில் ஈயம் கேழ்வரகு இறைத்ததுபோல் கிடந்தது. பார்த்த 20 குடல் குவியல்களில் 18-இல் துணுக்குகள். ஐந்து குவியல்களில் 200-க்கும் மேல். செம்புக் குண்டால் விழுந்த நான்கு மான்களை முழுதாகப் படமெடுத்தபோது நான்கிலும் சேர்த்து ஆறே துணுக்குகள்.

புரூக்ஸ் ஆழத்துக்காகச் செய்த குண்டு, சிதறாத ஒரே காரணத்தால், காண்டோர் உண்ணும் இரையைச் சுத்தமாக விட்டுவைத்தது. குண்டு உடையாமல் இருப்பதால் மிருகம் நன்றாக விழுகிறது, உடையாமல் இருப்பதாலேயே பறவை பிழைக்கிறது. இரண்டும் ஒரே பண்பு. இது தற்செயலாக அமைந்த பொருத்தம் என்றாலும், இதைப் பார்த்த பிறகும் ஈயமா செம்பா என்ற வாதத்தை வேட்டைக்காரருக்கும் பறவைக்கும் நடக்கும் சண்டையாக நடத்துவது எனக்குப் புரியவில்லை.

எல்க் வேட்டையோடு நேரடியாகச் சேர்ந்த ஆய்வு வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் பள்ளத்தாக்கில் நடந்தது. 1912-இல் ஏற்பட்ட தேசிய எல்க் சரணாலயமும் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. டெரக் கிரெய்க்ஹெட்டும் பிரையன் பெட்ரோசியனும் அங்குள்ள அண்டங்காக்கைகளைப் பிடித்து இரத்தம் எடுத்தார்கள். 2008-இல் வெளியான அவர்களுடைய கணக்குப்படி, வேட்டைக்காலத்தில் 47 விழுக்காட்டுக் காக்கைகளின் இரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருந்தது. வேட்டை இல்லாத மாதங்களில் 2 விழுக்காட்டில் மட்டும். பிறகு அந்த வட்டாரத்தின் எல்க் வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாக்களை வழங்கிப் பார்த்தார்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் கூடியபோது கழுகுகளின் இரத்தத்தில் ஈயம் இறங்கியது. காரணமும் விளைவும் இவ்வளவு நேராகத் தெரியும் இடம் காட்டுயிர் ஆய்வில் அரிது. 2022-இல் 38 மாநிலங்களின் 1,210 கழுகுகளை வைத்துச் செய்த ஆய்வு, வெண்தலைக் கழுகிலும் பொன்னாங்கழுகிலும் ஏறக்குறையப் பாதி நாள்பட்ட ஈய நஞ்சோடு வாழ்கின்றன என்று காட்டியது.

இறைச்சி வீட்டுக்கும் வருகிறதே. அமெரிக்காவில் வேட்டையாடியவர்கள் மிகுதி இறைச்சியை ஏழைகளுக்கான உணவு நிலையங்களுக்குத் தரும் நல்ல வழக்கம் இருக்கிறது. வடக்கு டகோட்டாவில் மருத்துவர் ஒருவர், தாமும் வேட்டையாடுகிறவர், அப்படித் தரப்பட்ட அரைத்த மான் இறைச்சிப் பொட்டலங்களை வாங்கி ஸ்கேன் எடுத்தார். பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகம். 2008 மார்ச்சில் மாநில அரசு அந்த இறைச்சியை அப்புறப்படுத்தச் சொன்னது. கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கிச் சமைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தவர்களுக்கும் தெரியாது. ஈயத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அதே மாநிலத்தில் நடுவண் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 738 பேரின் இரத்தத்தைச் சோதித்தது. வேட்டை இறைச்சி உண்டவர்களுக்கு மற்றவர்களைவிட ஈயம் சற்றே கூடுதலாக இருந்தது. வேறுபாடு சிறியதுதான், ஆபத்து எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை நிற்கவில்லை. அதே ஆண்டு மின்னசோட்டாவில் ஆட்டு உடல்களைச் சுட்டுப் பார்த்தபோது, காயத்திலிருந்து ஓர் அடி தள்ளியும் துணுக்குகள் கிடைத்தன. தண்ணீர் விட்டுக் கழுவினால் ஈயம் போகவில்லை, மற்ற இடங்களுக்குப் பரவியது.

சட்டம் இரண்டு வழியில் வந்தது. கலிஃபோர்னியா 2008 முதல் காண்டோர் வாழும் பகுதிகளில் ஈயத்தைத் தடுத்தது. 2013-இல் இயற்றிய சட்டம் 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதற்கும், எல்லா வேட்டைக்கும் நடைமுறையானது. அரிசோனா தடுக்கவில்லை. 2005 முதல் காண்டோர்ப் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகத் தந்து கேட்டுக்கொண்டது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒத்துழைத்தார்கள். எனக்கு அரிசோனா வழியே கூடுதல் நம்பிக்கை தருகிறது, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துத் தானாக மாறியவர் மறுபடி ஈயத்துக்குத் திரும்புவது அரிது என்பதால். மேலிருந்து வரும் ஆணை அடுத்த ஆட்சியில் போய்விடும். 2017 ஜனவரியில், ஒபாமா ஆட்சியின் கடைசி முழு நாளில், கூட்டரசின் காட்டுயிர் நிலங்களில் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்தும் ஆணை வந்தது. மார்ச் தொடக்கத்தில் புதிய உள்துறைச் செயலர் அதை நீக்கிவிட்டார். வடக்குக் கலிஃபோர்னியாவில் யூரோக் பழங்குடியினர் 2022-இல் காண்டோர்களைத் தங்கள் மண்ணில் விடுவதற்கு முன்பே தங்கள் வேட்டைக்காரர்களிடம் ஈயம் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அங்கும் எல்க் உண்டு. அவர்கள் விட்ட பறவைகளில் ஒன்று 2025 ஜனவரியில் இறந்தது, ஈய நஞ்சு. குடலில் கிடைத்தது காற்றழுத்தத் துப்பாக்கியின் சிறிய ஈய ரவைத் துணுக்கு. ரைபிள் குண்டை மட்டும் மாற்றினால் போதாது என்று அந்தச் சாவு சொல்கிறது.

இனி, எல்க்குக்காகக் கடையில் பெட்டி எடுக்கப்போகிறவருக்கு. முதலில் நிறத்தை நம்பக் கூடாது. உறை போட்ட ஈயக் குண்டும் வெளியே செம்பாகத்தான் மின்னும். பிளாஸ்டிக் முனை இரண்டு வகையிலும் வரும். பெட்டியில் எழுதியிருப்பதையும் குண்டின் பெயரையும் படிக்க வேண்டும். கலிஃபோர்னியா காட்டுயிர்த் துறை ஏற்றுக்கொண்ட குண்டுகளின் பட்டியலை வைத்திருக்கிறது, வெளிமாநிலத்தவருக்கும் அது உதவும். தோட்டாவின் அடியில் தீ மூட்டும் ப்ரைமரில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் சிறிது இருக்கும். அது இறைச்சிக்குப் போவதில்லை. சட்டங்கள் பார்ப்பது பறக்கும் குண்டைத்தான்.

அடுத்தது எடை. இங்கேதான் ஈயத்தில் பழகியவர் தடுமாறுவார். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், ஈயத்தைவிடக் குறைவு. அதே எடைக்குச் செம்புக் குண்டு கூடுதல் நீளமாகிவிடும். நீளமான குண்டு நேராகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். எல்லாக் குழலும் அதைத் தராது. எனவே ஒரு படி இறங்கி எடுக்க வேண்டும். தர்ட்டி-ஆட்-சிக்ஸில் எல்க்குக்கு 180 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) ஈயக் குண்டு போட்டவர், செம்பில் 165 அல்லது 168 போடலாம். டூ-செவன்ட்டி வின்செஸ்டர் தோட்டாவில் 130 போதும். கனமே ஆழம் என்று கற்றவர்களுக்கு இது மனத்துக்கு ஒப்பாது. ஆனால் 180 கிரெய்னில் கிளம்பி வழியில் மூன்றில் ஒரு பங்கை உதிர்க்கும் குண்டு, கடைசி எலும்பைத் தொடும்போது 120 கிரெய்ன்தான். 165-இல் கிளம்பும் செம்பு அங்கேயும் 165-க்கு மிக அருகில் இருக்கும். எடையைக் கடையில் பார்க்கிறோம். மிருகத்துக்குள் மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும்.

பழைய குறியமைப்பை வைத்துக்கொண்டு மலைக்குப் போகவும் கூடாது. குழலில் ஒட்டிய பழைய படிவை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, புதிய தோட்டாவை வைத்து மறுபடி குறி சரிபார்க்க வேண்டும். ஒரு ரைபிளுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. செம்புத் தோட்டா விலை கூடுதல் என்பது உண்மை. வேட்டைநாளில் செலவாவது ஒன்றோ இரண்டோ. செலவு முழுவதும் இந்தப் பயிற்சியில்தான் போகிறது. அதை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பேன்.

கடைசியாக வேகம். செம்பு விரிவதற்கு மிருகத்தைத் தொடும் இடத்தில் வினாடிக்கு 550 முதல் 600 மீட்டர் வேகம் வேண்டும். மெதுவான வேகத்திலும் ஈயம் விரியும், செம்பு அப்படி இல்லை. செம்பின் உண்மையான குறை இது, இதை மறைக்க வேண்டியதில்லை. தர்ட்டி-ஆட்-சிக்ஸில் 168 கிரெய்ன் குண்டு 300, 350 மீட்டர் வரை அந்த வேகத்தை வைத்திருக்கும். அதற்கு மேல் முனை விரியாமல் சிறிய துளையோடு போய்விடும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். குறைந்த வேகத்தில் விரியும் நீள்தூரச் செம்புக் குண்டுகளும் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் தயாரிப்பாளர் ஒரு குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லியிருப்பார். தன் ரைபிளில் எத்தனையாவது மீட்டரில் அந்த எண் வருகிறது என்று அட்டவணையில் பார்த்து, அந்தத் தூரத்தைத் துப்பாக்கியின் கட்டையிலேயே ஒட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்க் அதற்கு அப்பால் நின்றால் அவர்கள் சுடுவதில்லை. எழுந்து, காற்றின் திசை பார்த்து, நெருங்கிப் போகிறார்கள்.